அட்டை புதைந்தது, உரிமை புதையவில்லை: ஹைட்டி 2010

இந்த எபிசோட்ல நாம பேசப்போறது ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டையோட கதை. கிரீன் கார்டு. நம்ம நேயர்கள்ல பல பேர் பர்ஸ்ல இருக்கும், இன்னும் பல பேர் அதுக்காக வருஷக்கணக்கா வரிசையில நிக்கிறீங்க. அந்த அட்டை வேற நாட்டுல, இடிபாட்டுக்கு அடியில போயிட்டா என்ன ஆகும்?

2010 ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை. மாலை 4:53. ஹைட்டி நாட்டின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு மேற்கே, லியோகான் ஊருக்கு அருகில் நிலம் நடுங்கியது. அளவு 7.0. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதிபர் மாளிகை நொறுங்கியது. அமைச்சகக் கட்டடங்களில் பெரும்பாலானவை விழுந்தன. துறைமுகம் உடைந்தது, விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரமும் செயலிழந்தது.

அன்னைக்கு ஹைட்டியில இருந்தவங்கள்ல ஒரு பகுதியினர் அமெரிக்காவில் குடியிருப்பவர்கள். மியாமியில, நியூயார்க்குல வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் இருக்கும். அம்மாவைப் பார்க்கவோ, துக்கத்துக்கோ, கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்திருப்பாங்க. கையில ஹைட்டி பாஸ்போர்ட், கூடவே கிரீன் கார்டு. ரெண்டும் வீட்டு பீரோவுல. இப்போ பீரோவும் இல்ல, வீடும் இல்ல.

அமெரிக்கத் தூதரகம் டபார் பகுதியில் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது, அது தாங்கி நின்றது. நிவாரணப் பொருட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் ராணுவச் சரக்கு விமானங்களில் ஆட்களை ஏற்றினார்கள். 15,000-க்கும் மேற்பட்டவர்கள் அப்படி வெளியேறினார்கள், பலர் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டு விமான நிலையத்தில் இறங்கினார்கள். ஆனா அந்த ஏற்பாட்டோட மையத்துல இருந்தது அமெரிக்கக் குடிமக்கள். வழக்கமான பயணிகள் விமானம் மறுபடி ஓடத் தொடங்கினது பிப்ரவரி 19-ல தான். நடுவுல அஞ்சு வாரத்துக்கு மேல!

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். குடிமகனுக்கும் கிரீன் கார்டுக்காரருக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டு பேருமே சட்டப்படி திரும்பி வரலாமே?

வரலாம். ஆனா அந்த உரிமையைக் காட்டுற இடம் வேற. அதுக்கு 1924-க்குப் போகணும். அந்த வருடத்து அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ரெண்டு விஷயம் செய்தது. ஒன்று, தற்காலிகமாக வெளிநாடு போகும் குடியிருப்பாளருக்கு, திரும்பி வருவதற்கான அனுமதிச் சீட்டு. இரண்டு, விசா இல்லாத குடியேறியை ஏற்றி வரும் கப்பல் கம்பெனிக்கு, ஆளுக்கு 1,000 டாலர் அபராதம். அந்தக் காலத்துல 1,000 டாலர்! அன்னைக்கே எல்லைக் காவல் வேலையில பாதி கப்பல் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. கப்பல் போய் விமானம் வந்தது, விதி மாறல. இன்னைக்கும் செக்-இன் கவுன்டர்ல நிக்கிற ஊழியர் கேக்குறது "உனக்கு உரிமை இருக்கா" இல்ல, "காகிதம் இருக்கா". இல்லாதவரை ஏற்றினால் அவர் கம்பெனிக்கு அபராதம்.

அட்டையின் கதையும் இதோட சேர்ந்ததுதான். 1940-ல் வெளிநாட்டவர் எல்லோரும் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வந்த ஐ-151 என்ற அட்டை பச்சையாக இருந்ததால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. நடுவில் பல நிறம் மாறி, 2010 மே மாதம் மறுபடி பச்சைக்கு வந்தது.

நீதிமன்றங்களோ வேறு கண்ணோட்டத்தில் பார்த்தன. 1982-ல் லாண்டன் எதிர் பிளசென்சியா வழக்கில், கொஞ்ச நாள் வெளியே போய்த் திரும்பும் நிரந்தரக் குடியிருப்பாளரை, முதல்முறை வருபவரைப் போல நடத்த முடியாது, முறையான விசாரணை பெறும் உரிமை அவருக்கு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனா அந்த விசாரணைக்கு முதல்ல எல்லை வரைக்கும் வந்து சேரணுமே? போர்ட்-ஓ-பிரின்ஸ்ல மாட்டினவர் எப்படி வருவார்?

நம்ம பாஷையில சொன்னா, அட்டை வெறும் டோக்கன். உண்மையான பதிவு டேட்டாபேஸ்ல பத்திரமா இருக்கு. டோக்கன் தொலைஞ்சா அக்கவுன்ட் அழியாது. யாராவது பதிவைப் பார்த்து, விமான கம்பெனி நம்புற மாதிரி ஒரு தற்காலிக டோக்கன் தரணும். அதுதான் பயணக் கடிதம். ஹைட்டிக்கு ஒரு அதிர்ஷ்டம், குடியேற்றத் துறையின் கிளை அலுவலகமே போர்ட்-ஓ-பிரின்ஸ்ல இருந்தது. எல்லா ஊருக்கும் அது கிடையாது.

இதே வாரத்தில் இன்னொன்று நடந்தது. ஜனவரி 15 அன்று, நிலநடுக்க நாளில் அமெரிக்காவுக்குள் இருந்த ஹைட்டி மக்களுக்கு 18 மாதத் தற்காலிகப் பாதுகாப்பு அறிவிக்கப்பட்டது. விசா இல்லாமல் இருந்தவருக்கும் அது பொருந்தும். நல்ல முடிவு, சந்தேகமே இல்ல. ஆனா பாருங்க, காகிதமே இல்லாதவர் உள்ளே இருந்ததால பாதுகாப்பா இருந்தார். எல்லாக் காகிதமும் வச்சிருந்தவர் வெளியே இருந்ததால வரிசையில நின்னார்.

நம்ம ஊர்ப் பக்கம் வாங்க. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. வெள்ளத்தில் போன பாஸ்போர்ட்டுக்கு மாற்று இலவசம் என்று இந்திய வெளியுறவுத் துறை அறிவித்தது. அது குடிமக்களுக்கான கதவு. அதே வெள்ளத்துல கிரீன் கார்டு போயிருந்தா, அதை இந்திய அரசு தர முடியாது.

இப்போ அதுக்குன்னு ஐ-131ஏ என்ற படிவம் இருக்கு, 2016-ல வந்தது. கட்டணம் கட்டி, தூதரகத்தில் காட்டினால், விமானம் ஏறுவதற்கான அனுமதித் தாள் கிடைக்கும். வெளியே வந்து ஒரு வருஷத்துக்குள்ள இருக்கணும். தாண்டினால் எஸ்பி-1 விசா, அதில் தாமதம் உங்கள் கை மீறியது என்று நிரூபிக்க வேண்டும்.

ஆகவே ஊருக்குப் போறதுக்கு முன்னாடி கார்டின் ரெண்டு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி, அதில் இருக்கும் பதிவு எண்ணோட, வேற ஊர்ல இருக்குற நம்பிக்கையான ஒருத்தருக்கு அனுப்பி வைங்க. பீரோவை மட்டும் நம்பாதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.