பாக்டீரியாவில் புரதம் சவ்வைச் சேரும் முறை

பாக்டீரியாவின் புரத வகைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அதன் உட்சவ்வில் பதிந்து வேலை செய்கிறது. வேறு பல அச்சவ்வைக் கடந்து வெளியேற வேண்டியவை. எல்லாம் உருவாவதோ செல்லுக்குள் இருக்கும் ரைபோசோமில். எது எங்கே போக வேண்டும் என்ற முகவரி புரதத்தின் சங்கிலியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மற்றவை அதைப் படிக்கும் கருவிகள்தாம். 1971இல் குந்தர் புளோபலும் டேவிட் சபாட்டினியும் இதை ஊகமாகச் சொன்னார்கள். 1975இல் புளோபலும் டோபர்ஸ்டைனும் பாலூட்டிகளின் செல்களைக் கொண்டு சோதித்து நிறுவினார்கள். பாக்டீரியாவில் இதே முடிவு மரபியல் வழியாக வந்தது. ஜான் பெக்வித் முதலியோரின் ஆய்வுகளில், ஈ.கோலை என்னும் பாக்டீரியாவின் புரதத்தின் தொடக்கப் பகுதி சிதைந்தபோது அது செல்லுக்குள்ளேயே தேங்கியது. சிதைந்த முகவரியையும் ஏற்றுக்கொள்ளும் மரபணு மாற்றங்களைத் தேடியபோதுதான் சவ்வின் வாயிலான செக்-ஒய் அகப்பட்டது. இந்த வரலாற்றில் மிக அழகான சான்று இதுவே என்பேன்: முகவரி கெட்டால் படிப்பவனை மாற்றிச் சரிசெய்ய முடிகிறது என்றால், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியே அமைந்திருக்க வேண்டும்.

முக்கிய வழிகள் இரண்டு. வெளியேற வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை முழுதாகவோ பெரும்பகுதியாகவோ உருவான பின் செக்-ஏ என்னும் விசைப்புரதத்தால் வாயிலுக்குள் தள்ளப்படுகின்றன. சவ்வில் பதிய வேண்டியவற்றின் நீர்வெறுக்கும் பகுதி ரைபோசோமிலிருந்து தலைகாட்டியதும் சமிக்ஞை அறியும் துகள் அதைப் பற்றிக்கொள்கிறது. பின் ரைபோசோமோடு சேர்த்தே சவ்வுக்குக் கொண்டுபோகிறது. இத்துகளின் பாக்டீரியா வடிவம் 1989இல் மரபணு ஒப்பீட்டால் அடையாளம் காணப்பட்டது.

முகவரி புரதத்திலேயே இருக்கிறது என்ற கருத்துக்கு வலுவான மறுப்பும் உண்டு. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏக்களில் சில, புரதம் உருவாகும் முன்பே சவ்வருகே சேர்வதைக் காட்டியது. அப்படியானால் முகவரி புரதத்தில் இல்லையா? அருகில் சேர்வது வேறு, சவ்வில் பதிவது வேறு. 2016இல் ஈ.கோலையின் தூது ஆர்.என்.ஏக்களைப் பெருமளவில் படமெடுத்த ஆய்வு, உட்சவ்வுப் புரதங்களுக்குரியவை அங்கே குவிவதற்கு, உருவாகிவரும் புரதத்தைத் துகள் பற்றுவதே முக்கியக் காரணம் என்று கண்டது.

காசநோய்க் கிருமி வேறொரு கேள்வி எழுப்புகிறது. அதன் ஈசாட்-6, சி.எஃப்.பி-10 ஆகிய இரு புரதங்களிலும் வழக்கமான தொடக்க முகவரி கிடையாது. ஆயினும் இணைந்தே வெளியேறுகின்றன. தேடியபோது சமிக்ஞை சி.எஃப்.பி-10இன் வால்பகுதியில் கிடைத்தது. இடம் மாறியதே தவிர, முகவரி சங்கிலியில்தான் இருந்தது. இந்தப் புரதங்களையும் அவற்றை வெளியேற்றும் ஈ.எஸ்.எக்ஸ்-1 அமைப்பின் ஒரு பகுதியையும் குறிக்கும் மரபணுக்களை பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமி இழந்துவிட்டது.

ஆவடி, பூந்தமல்லிக்கு மேற்கே, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் 1968இல் தொடங்கிய பெரும் பி.சி.ஜி. ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று காட்டியது. அதன் காரணத்தை இந்த இழப்பில் தேடுவது அவசரம். அதற்கான சான்று இல்லை. ஆனால் அக்காலத் தோல் சோதனையில் தடுப்பூசியின் விளைவும் உண்மைத் தொற்றும் ஒன்றாகவே தெரிந்தன. இன்றைய ரத்தப் பரிசோதனைகளும் புதிய தோல் சோதனையும் பி.சி.ஜி. இழந்த ஈசாட்-6, சி.எஃப்.பி-10 புரதங்களையே பயன்படுத்துவதால், பி.சி.ஜி. போட்டவரையும் தொற்றுள்ளவரையும் பிரித்தறிய முடிகிறது.