உரிமச் சீட்டும் இழுகயிறும்

நீர் பொதுவாயினும் நீர்வழி உரிமை பொதுவன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் வாணிகப் பொதிகளின்மேல் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அது கடல்துறை ஒழுங்கு. உள்நாட்டு நீர்வழிக்கு ஆங்கிலேய ஆட்சி வேறு நெறி வகுத்தது.

1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தனியார் முயற்சியாகத் தொடங்கப்பெற்ற கால்வாய் 1837இல் அரசின் கைக்கு வந்தது. 1876-78 பெரும்பஞ்சத்தின்போது, பசித்தோர் கூலிக்கு வெட்டிய வழியே கூவமும் அடையாறும் இணைந்தன. பெயரோ ஆளுநர் பக்கிங்காமுக்குச் சென்றது.

கால்வாய்களையும் பொதுப் படகுத்துறைகளையும் பற்றிய 1890ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் இரண்டையும் வேறாகவே கொண்டது. கால்வாயில் உரிமம் பெற்றுச் சுங்கம் செலுத்திய படகு செல்லலாம். ஆற்றைக் கடத்தும் துறையிலோ, கூலிக்கு ஓடம் விடும் உரிமையே அரசினுடையது. அது குத்தகைக்கு விடப்பட்டது. ஒன்றில் படகுக்கு அனுமதி. மற்றொன்றில் துறைக்கே உடைமை.

இரண்டிலும் சட்டம் நோக்கியது படகையும் வருவாயையும். கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்தவனை நோக்கியவர் பாரதிதாசன். இக்கால்வாய்ப் பயணத்தைப் பாடிய ‘மாவலிபுரச் செலவு’ அவ்வுழைப்பின் துயரைப் பதிந்துள்ளது.

1966, 1976 புயல்களால் சிதைந்த இக்கால்வாய், 2008இல் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பெற்றது. நாளை படகுகள் வரின் உரிமச் சீட்டை அரசு எழுதும். உழைப்பவனை எழுதும் கடமை கவிஞர்களாகிய நம்முடையது.