பிரஷர் ஏன் வந்தது என்று கேட்டவர்கள்



தம்பிக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்ததைக் கேள்விப்பட்டுப் பலரும் போனில் விசாரித்தீர்கள். "சிறுநீரகத்துக்கு மேலே கட்டின்னு சொல்றாங்க, அதுக்கும் பிரஷருக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?" என்று பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். ஆளாளுக்குச் சொல்லி மாளவில்லை. அதனால் சேர்த்து எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு 52 வயதில் பிரஷர் வந்தது. ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றானது. அப்படியும் 170க்குக் கீழே இறங்கவில்லை. ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கும். மில்லில் மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவான். சத்துக்குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். இப்படியே ஆறு வருடம் போயிற்று. இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று யாரும் பார்க்கச் சொல்லவில்லை. சிறுநீரைச் சோதிக்கவும் இல்லை. மற்றவர்களைச் சொல்வானேன்? எட்டாம் வகுப்பில் சிறுநீரகத்தைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்ன நானே கேட்கவில்லையே.

சிறுநீரகம் வடிகட்டி என்றுதான் நாம் பாடம் நடத்தினோம். அது பிரஷரையும் ஏற்றும் என்று முதலில் காட்டியவர்கள் ஸ்டாக்ஹோமில் இருந்த பேராசிரியர் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர் பெர்க்மனும். முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றை இன்னொரு முயலுக்குச் செலுத்தினார்கள், அழுத்தம் ஏறியது. சாற்றில் இருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்து 1898இல் வெளியிட்டார்கள். உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 36 ஆண்டுகள் கழித்து, 1934இல், அமெரிக்காவில் ஹாரி கோல்ட்பிளாட் நாயின் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாயைச் சிறிய கவ்வியால் இறுக்கிப் பார்த்தார். பிரஷர் ஏறியது, ஏறியபடியே நின்றது.

காரணம் இதுதான். இரத்த வரத்து குறைந்தால் உடம்பு முழுக்கவே வற்றிவிட்டதாக எண்ணிச் சிறுநீரகம் ரெனினை விடும். அதிலிருந்து தொடங்கும் மாற்றங்கள் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் சேதி போகும். அது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். இந்த ஹார்மோனை 1953இல் லண்டனில் பிரித்தெடுத்தவர்கள் சில்வியா சிம்ப்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும். உப்பை உடம்பில் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடுவது அதன் வேலை.

மறு வருடமே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் என்ற மருத்துவரிடம் 34 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். ஏழு வருடமாகத் தசைத் தளர்ச்சி, பிரஷர், இரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. படிக்கும்போது எனக்குத் தம்பி முகம்தான் வந்தது. அட்ரினல் தானாகவே அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று கான் கணித்தார். ஸ்கேன் இல்லாத காலம், கணக்கை நம்பியே 1954 டிசம்பரில் வயிற்றைத் திறந்தார்கள். கட்டி இருந்தது. எடுத்தபின் அவள் தேறினாள். இந்த நோய்க்குக் கான் பெயரையே வைத்துவிட்டார்கள்.

மதுரையில் டாக்டர் முதலில் பார்த்ததும் பொட்டாசியம்தான், 2.7 இருந்தது. 3.5க்கு மேல் இருக்க வேண்டுமாம். பிறகு ஆல்டோஸ்டிரோனையும் ரெனினையும் அளந்து விகிதம் பார்த்தார்கள். முன்னது கூடி, பின்னது அடங்கியிருந்தால் தவறு சுரப்பியில். எல்லோருக்கும் கத்தி வேண்டியதில்லை. இரண்டு பக்கச் சுரப்பியும் மிஞ்சிச் சுரந்தால் அதற்கென்றே மாத்திரை உண்டு.

அவ்வளவு பெரிய சோதனைக்கு நம் ஊரில் எங்கே போவது என்பீர்கள். சின்னச் சோதனையே எவ்வளவு செய்யும் என்று சென்னையில் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி காட்டியிருக்கிறார். டயாலிசிஸும் மாற்று சிறுநீரகமும் ஏழைக்குக் கட்டுப்படியாகாது, வருமுன் தடுப்பதுதான் வழி என்பது அவர் கட்சி. அவருடைய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு வெளியே சுமார் 25,000 பேர் வசிக்கும் கிராமங்களை எடுத்துக்கொண்டது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கிறதா என்று பார்த்து, பிரஷரும் அளந்தார்கள். கொடுத்தது விலை குறைந்த பழைய மாத்திரைகள். அவற்றில் ஒன்று ரெசர்பின், நம் நாட்டுச் சர்ப்பகந்தியிலிருந்து வந்தது. அந்த மூலிகை பிரஷரைக் குறைப்பதை 1949இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல் எழுதித்தான் வெளிநாட்டார் கவனித்தார்கள். மணியின் கிராமங்களில் பிரஷர்காரர்களில் 96 சதவீதம் பேருக்கு 140/90க்குக் கீழே கொண்டுவந்ததாக 2003இல் வெளியிட்டார்கள். தலைக்கு ஆன செலவு வருடத்துக்கு 27 அமெரிக்க சென்ட். நம்புங்கள், இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

இப்போது, 2021இலிருந்து, மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல விஷயம். மாத்திரை வாங்குகிறவர்கள் வருடம் ஒரு தடவையாவது சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாத்திரைக்கும் அடங்காதவர்கள், சின்ன வயதிலேயே பிரஷர் வந்தவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள் ஹார்மோன் சோதனை பற்றியும் டாக்டரிடம் கேட்க வேண்டும். பிரஷர் உள்ள எல்லோருக்குமே அதைப் பார்க்கலாம் என்று அமெரிக்காவின் எண்டோகிரைன் சங்கம் 2025இல் சொல்லிவிட்டது.

தம்பிக்கு இப்போது ஒரே மாத்திரை, 130க்குள் நிற்கிறது. கால் இழுப்பதில்லை. ஆனால் கிரியாட்டினின் 1.8. ஆறு வருடத்தில் சிறுநீரகம் பட்டது பட்டதுதான், அது முழுசாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் மறுபடி பார்க்கப் போகிறோம். அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதினேன். பெயர் மட்டும் போட வேண்டாம் என்றான்.