பள்ளிக்கு வராத பிள்ளையின் பல்லை யார் பார்த்தது?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் வழங்கிய அறிமுக உரையின் எழுத்து வடிவம்)



பல் வலி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உள்ள எல்லாரிடமும் சொல்கிறோம். இரவுத் தூக்கம் கெட்டால் விடிந்ததும் கிளினிக்குக்கு ஓடுகிறோம். ஆனால், வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர் என்ன செய்வார்?

மூளை முடக்குவாதத்தால் பேச்சு வராத பிள்ளை, ஆட்டிசம் உள்ள சிறுவன், மனநோய்க்காக ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுவரும் அண்ணன் ஆகியோருக்கும் பல் உண்டு, வலியும் உண்டு. அந்த வலி சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவதாகவும், தலையைச் சுவரில் மோதிக்கொள்வதாகவும், திடீர்க் கோபமாகவும் வெளிப்படக்கூடும். நாமோ அதை ‘அடம்’ என்று சொல்லிவிடுகிறோம்.

கோல சிலாங்கூர் முதல் உலு சிலாங்கூர் வரை பரந்து கிடந்த தோட்டங்களில் நம் மக்கள் நூறாண்டுக்கும் மேலாக வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய பல்லை யார் பார்த்தார்கள், யாருடைய பல் பார்க்கப்படாமலேயே போனது என்பதுதான் இன்றைய பேச்சு.

தோட்டமும் டிரெசரும்

பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமரம் தோட்டத்தை இந்த வட்டாரத்தினர் அறிவார்கள். பத்தாங் பெர்ஜுந்தைக்கு (2007 முதல் அது பெஸ்தாரி ஜெயா) அருகில் உள்ள இத்தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். ரப்பரும் செம்பனையும் நாட்டுக்குச் செல்வம் தந்தன. பிரட்டுக்கு நின்று வேலைக்குப் போன மக்களின் உடல்நலம் தோட்ட டிரெசரின் கையில் இருந்தது.

அந்தக் காலத்தில் தோட்ட மருத்துவத்தின் பெரிய கவலை மலேரியா காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிரசவ மரணம் ஆகியவை. ஆள் வேலைக்குப் போக முடிகிறதா என்பதே முதல் கேள்வி. பல் அந்தப் பட்டியலில் கடைசியில் இருந்தது. கிராம்பு வைத்துக் கடிப்பதும், உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதும், கரித்தூளால் துலக்குவதும் லயத்து வீடுகளின் வைத்தியம். வேலைக்குப் போகிறவருக்கே இந்த நிலை என்றால், லயத்துத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்த ஊனமுற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

‘பல் மிஸ்ஸி’ வந்த கதை

மாற்றம் பள்ளிக்கூட வழியாக வந்தது. நியூசிலாந்து 1921-ஆம் ஆண்டிலேயே பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் கவனிப்பதற்கென்று தாதியருக்குப் பயிற்சி தரத் தொடங்கிவிட்டது. அதைப் பின்பற்றி 1949-ஆம் ஆண்டில் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பல் மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணும்படி இருந்த காலத்தில், பிள்ளைகளின் பல்லை அடைக்கவும் பிடுங்கவும் தெரிந்த தாதியர் பள்ளிகளுக்கு வந்தார்கள். ‘பல் மிஸ்ஸி வந்துட்டாங்க’ என்று கேட்டதும் கழிப்பறையில் போய் ஒளிந்துகொண்ட பழைய மாணவர்கள் இதைப் படித்தால் சிரித்துக்கொள்வார்கள்!

நல்ல திட்டம்தான். அதனால் லட்சக்கணக்கான பிள்ளைகள் பயனடைந்தார்கள். ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். அது பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டை நம்பிய திட்டம். பதிவேட்டில் பெயர் இருந்தால் மிஸ்ஸியின் நாற்காலியில் இடம் உண்டு. வலிப்பு வருகிறது, நடக்க முடியவில்லை, பேச்சு வரவில்லை என்று வீட்டிலேயே வைக்கப்பட்ட பிள்ளையின் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறவே இல்லை. யாரும் அவர்களைத் திட்டமிட்டு ஒதுக்கவில்லை. கதவு பள்ளியில் இருந்தது, அவர்கள் பள்ளியில் இல்லை. அவ்வளவுதான்.

குடிநீரில் ஃபுளோரைடு கலக்கும் கொள்கையின் கதையும் இதைப் போன்றதே. 1972-ஆம் ஆண்டில் அது தேசியக் கொள்கையானது. வாயைத் திறக்க மறுக்கும் பிள்ளைக்கும் தண்ணீர் வழியாகவே பாதுகாப்பு தரும் முறை அது. ஆனால், சுத்திகரித்த குழாய் நீர் வந்த வீட்டுக்குத்தான் அந்தப் பாதுகாப்பும் வந்தது. கிணற்றையும் ஆற்றையும் நம்பியிருந்த தோட்டங்கள் காத்திருக்க நேர்ந்தது.

தஞ்சோங் ரம்புத்தான்

மனநோய் கண்டவர்களின் கதை வேறு. 1911-ஆம் ஆண்டில் பேராக்கில் திறக்கப்பட்ட மத்திய மனநல மருத்துவமனை, இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை, ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற பெயரிலேயே நம்மிடையே புழங்கியது. ஊர்ப் பெயரே கேலிச்சொல்லாக மாறியது. அங்கே போய்த் திரும்பியவரைப் பார்த்து விலகி நின்றார்கள். அவருடைய பல்லைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

1950-களில் மனநோய்க்கான புதிய மாத்திரைகள் வந்தன. பலரை வீட்டுக்கு அனுப்பிவைத்த நல்ல மருந்துகள் அவை. ஆனால், அவற்றில் பல வாயை உலர்த்திவிடும். எச்சில்தான் பல்லின் இயற்கைக் காவலன். எச்சில் குறைந்தால் சொத்தை வேகமாகப் பரவும். வாய் வறண்டவர் பால்டின் போட்ட இனிப்புத் தேநீரை அடிக்கடி குடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டாயின் மருந்தால் ஈறு தடித்து வளரும் என்பது 1939-ஆம் ஆண்டிலேயே பதிவானது. உயிர் காக்கும் அந்த மருந்துகளை நிறுத்தக்கூடாது. மருந்து தருவதோடு வாயையும் பார்த்திருக்க வேண்டும் என்பதே இங்கே சொல்ல வருவது.

உலகம் செய்த கொடுமை

வெளிநாட்டில் எல்லாம் சரியாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், டிரென்டன் மனநல மருத்துவமனைக்கு 1907 முதல் 1930 வரை தலைமை வகித்தவர் டாக்டர் ஹென்றி காட்டன். மனநோய்க்குக் காரணம் பல்லில் பதுங்கியிருக்கும் கிருமியே என்று அவர் நம்பினார். நோயாளிகளின் பற்களை ஆயிரக்கணக்கில் பிடுங்கினார். பல் போனது, நோய் போகவில்லை.

இன்னொரு சம்பவம் சுவீடனில் நடந்தது. லுண்ட் நகரின் விபேஹோல்ம் இல்லத்தில் கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் வாழ்ந்தார்கள். 1940-களின் பிற்பகுதியில், சொத்தைப் பல் எப்படி உண்டாகிறது என்று அறிய, அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பல்லில் ஒட்டும் டாஃபி மிட்டாயை வேண்டுமென்றே கொடுத்தார்கள். ஆய்வுச் செலவில் ஒரு பங்கைச் சர்க்கரை, மிட்டாய்த் தொழில்துறையே ஏற்றது. பலரின் பற்கள் பாழாயின. சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை.

1954-ஆம் ஆண்டில் வெளியான அந்த முடிவு உலகப் புகழ் பெற்றது. எவ்வளவு இனிப்பு என்பதைவிட, எத்தனை முறை, எவ்வளவு ஒட்டும் இனிப்பு என்பதே பல்லைக் கெடுக்கிறது என்பதுதான் அது. ‘இடையிடையே மிட்டாய் சாப்பிடாதே’ என்று இன்று நாம் பிள்ளைக்குச் சொல்லும் அறிவுரைக்கு அடித்தளம் அந்த மனிதர்களின் வாய். அவர்கள் உலகத்துக்குக் கொடுத்தார்கள். அவர்களைப் போன்றவர்களுக்கு உலகம் என்ன திருப்பிக் கொடுத்தது?

தாமதமாக வந்த உரிமை

மெல்ல மெல்ல நிலைமை மாறியது. சமூக மறுவாழ்வுத் திட்டம் 1984-ஆம் ஆண்டில் திரெங்கானுவில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் பி.டி.கே. மையங்களாகப் பரவியது. வீட்டுக்குள் இருந்த பிள்ளைகள் ஓரிடத்தில் கூடியதால், அரசாங்கப் பல் மருத்துவக் குழுவினரும் அவர்களைத் தேடிப் போக வழி பிறந்தது. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மருத்துவச் சேவை அவர்களுக்கு உரிமை என்று எழுத்தில் வைத்தது. அதே 2008-இல் பிரிட்டன், சிறப்புத் தேவை உடையோருக்கான பல் மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்றது. மலேசியாவிலும் இத்துறையில் தேர்ச்சி பெற்ற நிபுணர்கள் பணியாற்றுகிறார்கள்.

தோட்டத்துக்கு மருத்துவக் குழு வர முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1993-94-இல் நடந்த தேசிய வாய்நல ஆய்வுக்குப் பிறகு, வெற்றிலை பாக்கு மெல்லும் நம் சமூகத்தில் வாய்ப் புற்றுநோய் ஆபத்து அதிகம் என்பது தெளிவானது. 1997-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சின் குழுக்கள் தோட்டங்களுக்கே வந்து பாட்டிமாரின் வாயைப் பரிசோதித்தன. பாட்டியைத் தேடி வர முடிந்தவர்கள், பாட்டியின் பக்கத்தில் படுத்திருக்கும் பேரனையும் பார்க்க முடியும். அந்த வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று யாராவது சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோர்களே, முதலில் வெட்கத்தை விடுங்கள். பிள்ளையைச் சமூக நல இலாகாவில் பதிந்து மாற்றுத்திறனாளி அட்டையை எடுங்கள். அரசாங்க மருத்துவ நிலையங்களில் அதற்குக் கட்டணச் சலுகை உண்டு.

பல் கிளினிக்குக்குப் போகும்போது எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். இதய நோய், வலிப்பு, ஒவ்வாமை எதுவாக இருந்தாலும் வாயைத் திறக்கும் முன்பே சொல்லுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்கு இதயக் கோளாறும் இருக்கும். பல் பிடுங்கும்போது இரத்தத்தில் கலக்கும் கிருமி, பழுதான இதய வால்வில் போய்த் தங்கக்கூடும். அதனால் சிலருக்கு முன்கூட்டியே மருந்து தர வேண்டியிருக்கும்.

முதல் நாளே சிகிச்சை வேண்டாம். நாற்காலியைப் பார்த்துவிட்டு வரட்டும். அடுத்த முறை உட்காரட்டும், பிறகு வாயைத் திறக்கட்டும். சொல்லி, காட்டி, அப்புறம் செய்வது உலகெங்கும் கையாளப்படும் முறை. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கூட்டமில்லாத நேரமாகக் கேட்டு வாங்குங்கள். எதற்கும் ஒத்துவராதவருக்கு, மருத்துவமனையில் முழு மயக்கத்தில் எல்லாப் பற்களையும் ஒரே நாளில் சரிசெய்யும் வசதி உண்டு. மயக்க மருந்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களே வெல்ஸ் (1844), மோர்ட்டன் (1846) என்ற இரு பல் மருத்துவர்கள்தாம். அதற்குப் பயப்பட வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

கோயில் நிர்வாகத்தினருக்கும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மருத்துவ முகாம் நடத்தும்போது, மண்டபத்தில் வரிசையில் நிற்பவர்களை மட்டும் எண்ணாதீர்கள். புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் வெளியே வர முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று முதலில் ஒரு பட்டியல் எடுங்கள். அந்தப் பட்டியலை மாவட்டப் பல் மருத்துவ அதிகாரியிடம் கொடுங்கள். 1949-இல் விடுபட்ட பெயர்களை இப்போதாவது எழுதிச் சேர்ப்போம்.