ஜன்னல் வைத்த ஐசி

ரிப்பேர் மேஜையில் ஐசி என்றால் கறுப்பாக ஒரு பூச்சி. எரிந்தால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுவோம். வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று யாரும் பார்ப்பதில்லை. விதிவிலக்கு ஈபிராம் என்ற நினைவகச் சில்லு. அதன் முதுகில் குவார்ட்ஸ் கண்ணாடி போட்டு ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். உள்ளே பதிந்ததை அழிக்க வேண்டுமென்றால் அந்த ஜன்னல் வழியே இருபது நிமிடம் போலப் புற ஊதா ஒளியைக் காட்ட வேண்டும். 1971இல் இன்டெல்லின் டோவ் ஃப்ரோமன் கண்ட உத்தி அது.

ரிச்சி தெருவில் எடைக்கு வாங்கிய போர்டு ஒன்றில் எனக்கும் ஒன்று கிடைத்தது. ஜன்னல்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்து, ஐம்பது எம்.எம். லென்ஸைத் தலைகீழாகக் கேமராவில் மாட்டினேன். முதல் நாள் எடுத்த படமெல்லாம் ஒரே கறுப்பு. சிலிக்கான் கண்ணாடிபோலப் பளபளப்பது. பக்கத்திலிருந்து அடித்த வெளிச்சம் எதிர்ப்பக்கமாகத் தெறித்து ஓடிவிட்டது. மறுநாள் லென்ஸுக்குக் கீழே ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்வாக வைத்து, ஒளியை நேர் மேலிருந்து இறக்கினேன். ஓரங்களில் மயிரிழைக் கம்பிகள் வில்லாக வளைந்து நின்றன. நடுவே நெருக்கி நெய்த பாய்போல நினைவக அறைகள்; மழைத்தண்ணீரில் சிந்திய பெட்ரோலைப்போலப் பச்சையும் ஊதாவும். சாயம் ஏதும் கிடையாது. ஆக்சைடு படலத்தின் கனத்துக்கேற்ப ஒளி காட்டும் நிறம். ஒரு படத்தில் கம்பி தெளிந்தால் தரை மங்கும். அதனால் இம்மி இம்மியாக நகர்த்தி முப்பது படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்தேன்.

கேமராவால் நான் எட்டிப் பார்த்த இந்தச் சில்லே கேமராவால் பிறந்ததுதான். அந்தக் காலச் சில்லுகள் எல்லாமே அப்படித்தான். 1971இல் வந்த இன்டெல் 4004 நுண்செயலியில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். அவற்றின் வடிவங்களைப் பல நூறு மடங்கு பெரிதாக, ரூபிலித் என்ற சிவப்புப் படலத்தில் கத்தியால் கீறி உரித்தெடுத்தார்கள். அந்தப் படலத்தைப் படம்பிடித்து, சுருக்கி, மறுபடி சுருக்கி, சிலிக்கான்மேல் ஒளியால் அச்சிட்டார்கள். வடிவமைத்த ஃபெடரிக்கோ ஃபாஜின் தன் முதலெழுத்துகளான இரண்டு எஃப்களைச் சில்லின் ஓரத்தில் பொறித்துவைத்தார். சிற்பி தூணடியில் பேர் வெட்டிய மாதிரி.

அவரைப்போல வேறு பலரும் செய்திருந்தார்கள். ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நுண்ணோக்கிப் படங்கள் எடுத்துவந்த மைக்கேல் டேவிட்சன், ஒரு சில்லில் குழந்தைப் புத்தகத்து வால்டோவைக் கண்டார். தேடத் தேட விலங்குகளும் கேலிச்சித்திரங்களும் வந்துகொண்டே இருந்தன. டெக் கணினி நிறுவனத்தின் சிவாக்ஸ் சில்லில் தப்பும் தவறுமான ரஷ்ய மொழியில் ஒரு நக்கல்: திருடுவதென்றால் இருப்பதிலேயே நல்லதைத் திருடு என்ற பொருளில். பனிப்போர்க் காலத்தில், நகலெடுக்கப்போகும் சோவியத் பொறியாளர் கண்ணில் படட்டும் என்று பொறித்தது. இந்தக் கிறுக்கல்களால் ஒரு பயனும் உண்டு. வரி பிசகாமல் காப்பியடித்தவன் கிறுக்கலையும் சேர்த்தே காப்பியடித்து மாட்டிக்கொள்வான். 1984இல் சில்லின் வடிவத்துக்கு அமெரிக்கா தனிச்சட்டப் பாதுகாப்பு தந்தபின் அந்தத் தேவை குறைந்தது.

படம் பிடிப்பதே பிறகு தொல்லியல் வேலையாகவும் ஆனது. 1975இல் 25 டாலருக்கு விற்ற 6502 என்ற நுண்செயலிச் சில்லின் உறையை அமிலத்தில் கரைத்து, நுண்ணோக்கியில் துண்டு துண்டாகப் படமெடுத்து, ஒவ்வொரு கோட்டையும் பின்தொடர்ந்து, 2010இல் அதைக் கணினித் திரையில் இயங்கவே வைத்துவிட்டார்கள். இன்றைய சில்லில் ஒளியால் இது நடக்காது. 4004இன் கோடு பத்து மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் அரை மைக்ரான். இப்போதைய கோடுகள் அந்த அலைநீளத்தைவிடப் பல மடங்கு சிறியவை, எந்த லென்ஸுக்கும் பிடிபடாது.

என் ஈபிராமின் அறைகள் எல்லாம் படத்தில் இருக்கின்றன. எந்த அறையில் மின்னூட்டம் இருக்கிறது, எதில் இல்லை என்பது மட்டும் தெரியாது. உள்ளே யாரோ எழுதிய நிரல். வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் போய்விடும். உரித்த ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தேன். மங்கிய நீலப் பேனாவில் ஒரு தேதியும் கீழே கிறுக்கலாக ஒரு கையெழுத்தும். பழையபடி ஜன்னல்மேல் ஒட்டி, நகத்தால் ஓரங்களை அழுத்திவைத்தேன்.