ஊரைக் கடல் கொண்ட பிறகு



உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதைகள் நம்ம கிளாஸில் காய்ச்சல் மாதிரி பரவியிருக்கிறது. ஒரு சின்னப் பெண் நாயகி, பாதி மந்திரம், பாதி மெஷின், அழிந்துபோன ஒரு நகரம். "தமிழில் இந்த மாதிரி ஒண்ணுமே இல்லையே" என்றான் ஒரு நண்பன். ஸ்கூலில் மனப்பாடப் பகுதியோடு புத்தகத்தை மூடி வைத்ததால் வந்த வினை இது. இருக்கிறதப்பா, அதன் பெயர் மணிமேகலை! சாத்தனார் எழுதியது. கி.பி. 6-ஆம் நூற்றாண்டு வாக்கில் என்பது பல ஆய்வாளர்களின் கணக்கு, 2-ஆம் நூற்றாண்டு என்பவர்களும் உண்டு. ஏட்டில் கிடந்ததை உ.வே.சா. 1898-ல் அச்சில் கொண்டுவந்தார்.

முதலில் ஊர். காவிரிப்பூம்பட்டினம் எப்பேர்ப்பட்ட துறைமுகம் என்பதைப் பட்டினப்பாலை சொல்கிறது. கப்பலில் வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு, சரக்கு மூட்டை மேல் சுங்கக்காரர்கள் குத்திய புலி முத்திரை... (பி.காம். படிக்கிறவனுக்கு இந்த வரிகள்தான் கண்ணில் படும், மன்னிக்கவும் :) )

மெஷின் எங்கே என்கிறீர்களா? மணிமேகலையின் 19-ஆவது காதையில் சோழன் தன் பூங்காவில் உலாவுகிறான். அங்கே எந்திரக் கிணறு இருக்கிறது, கட்டிவைத்த செயற்கைக் குன்று இருக்கிறது. பக்கத்து மண்டபம், மகத நாட்டு வினைஞர்களும் மராட்டக் கம்மர்களும் அவந்திக் கொல்லர்களும் யவனத் தச்சர்களும் தமிழ்க் கைவினைஞர்களோடு சேர்ந்து கட்டியது. அதாவது அந்தக் காலத்து உச்சபட்ச டெக்னாலஜி. அதே காதையில்தான் காவலர்கள் வந்து ராஜாவிடம் சொல்கிறார்கள்: சிறைக்குள் ஒரு பெண் நுழைந்து, ஒரே ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு எல்லாக் கைதிகளுக்கும் சோறு போடுகிறாள்! என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறான். சிறையை அறக்கோட்டம் ஆக்கு என்கிறாள். ஆக்கிவிடுகிறான். எந்திரமும் மந்திரமும் இப்படி ஒரே காதையில் நேருக்கு நேர் நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மணிமேகலைக்குத் தெரிந்த மந்திரம் மூன்று. வேற்று உருவம் எடுப்பது, வானத்தில் பறப்பது, பசி தாங்குவது. யாரையும் அடித்து வீழ்த்துகிற மந்திரம் ஒன்றுகூட இல்லை. நாலாவதாகக் கிடைத்தது அமுதசுரபி.

அந்தப் பாத்திரத்தின் பழைய கதைதான் என்னைத் தூங்கவிடாத கதை. முதலில் அது மதுரையில் ஆபுத்திரனிடம் இருந்தது. அவன் மேல் கோபம் கொண்ட இந்திரன் இடி இடித்துப் பயமுறுத்தவில்லை, சாபமும் கொடுக்கவில்லை. பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டினான், அவ்வளவுதான். எல்லார் வீட்டிலும் நெல், கை ஏந்த ஆள் இல்லை. சப்ளை எல்லையற்றது, டிமாண்ட் பூஜ்யம்! பஞ்சம் பட்ட சாவகத்துக்கு அவன் கப்பல் ஏறினான், வழியில் மணிபல்லவத் தீவில் கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. வற்றாத பாத்திரம் கையில் இருந்தும், தான் ஒருவன் மட்டும் உண்பதற்கு மனமில்லாமல் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, பட்டினி கிடந்தே செத்தான்.

இனி அழிவு. சோழன் நெடுமுடிக்கிள்ளிக்கு நாக நாட்டுப் பெண் பெற்ற பிள்ளை, கம்பளச் செட்டி என்ற வணிகனின் கப்பலில் வந்தபோது கப்பல் உடைந்து காணாமல் போகிறான். பிள்ளையைத் தேடி அலைந்த ராஜா இந்திர விழாவை மறந்துவிடுகிறான். ஊரைக் கடல் கொண்டுவிடுகிறது. ஒரு அப்பாவின் துக்கத்துக்கு ஊருக்கே தண்டனையா? என்னால் ஏற்க முடியவில்லை.

தொல்லியல் வேறு மாதிரி பேசுகிறது. 1960-களில் கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை தரையிலேயே கிடைத்தது. கடலுக்குள் 1980-களில் தொடங்கித் தேடினார்கள். சுமார் 23 மீட்டர் ஆழத்தில் தெரிந்த லாட வடிவ அமைப்பு மனிதன் கட்டியதா என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. ஒரே ராத்திரியில் போனதா, கரை கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் போனதா? இரண்டாவதையே நான் நம்புகிறேன். ஆனாலும் 2004 டிசம்பர் 26 சுனாமியில் அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நினைத்தால் சாத்தனாரைச் சும்மா ஒதுக்கவும் முடியவில்லை.

நம்ம பக்கமே பாருங்களேன். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. மணிமங்கலம், ஆதனூர் ஏரிப் பக்கம் கிளம்புகிற அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. தெருவில் படகு ஓடியது. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. வேலை செய்த ஒரே டெக்னாலஜி, முன்பின் தெரியாதவர்கள் கொண்டுவந்து கொடுத்த சாம்பார் சாதப் பொட்டலம்.

ஊர் அழிந்தபோது மணிமேகலை அங்கே இல்லை. மணிபல்லவத்தில் தீவதிலகை சொல்லித்தான் தெரிகிறது. அம்மா மாதவியும் சுதமதியும் அறவண அடிகளும் உயிர் தப்பி வஞ்சிக்குப் போய்விட்டார்கள் என்றும் அவளே சொல்கிறாள். தேடிப் போனால் அங்கே இருப்பது கோவலனின் அப்பா மாசாத்துவான், துறவியாக. அவர் சொல்கிறார், காஞ்சியில் மழை பொய்த்து ஜனங்கள் சாகிறார்கள், உன் ஆட்களும் அங்கேதான், போ.

காஞ்சி எங்கேயோ இல்லை. படப்பையிலிருந்து வாலாஜாபாத் ரோட்டைப் பிடித்தால் போதும், நம்ம மாவட்டத் தலைநகர்! அங்கே இறங்கி அமுதசுரபியை வைக்கிறாள். 18 மொழி பேசுகிறவர்கள் வருகிறார்கள். கண் தெரியாதவர், காது கேட்காதவர், நடக்க முடியாதவர், விலங்குகள்கூட வருகின்றன. யார், எந்த ஊர் என்று ஒரு கேள்வி கிடையாது.

கடைசியில் அடிகளும் மாதவியும் சுதமதியும் அங்கேயே வந்து சேர்கிறார்கள். மணிமேகலை அவர்கள் காலைக் கழுவி, உட்காரவைத்து, சாப்பாடு போட்டு, வெற்றிலை கொடுக்கிறாள். ஊர் அழிந்த கதையை அடிகள் பேச ஆரம்பிப்பது அதற்கு அடுத்த காதையில்தான்.