வண்டிக்கு முன்பே பிறந்த சீட்

இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்குத் தெற்கே ரெடிச் என்று ஓர் ஊர். தையல் ஊசிக்குப் பேர்போனது. அதன் பக்கத்தில் ஹன்ட் எண்ட் என்ற இடத்தில் 1851-இல் ஜார்ஜ் டவுன்சென்ட் ஊசித் தொழில் தொடங்கினார். 1882-இல் அவருடைய மகன் (அவர் பெயரும் ஜார்ஜ்தான்) சைக்கிள் கம்பெனிகளுக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்க ஆரம்பித்தார். அப்படிச் செய்தவற்றில் சைக்கிள் சீட்டும் ஒன்று. அந்தப் பட்டறைதான் பிறகு கைமாறி, என்ஃபீல்டு ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்த உறவில் 1893-இல் ராயல் என்ஃபீல்டு என்ற பெயரை எடுத்துக்கொண்டது. முதல் மோட்டார் சைக்கிள் வந்தது 1901-இல். புல்லட் என்ற பெயர் வந்தது 1932-இல். கணக்குப் பார்த்தால், புல்லட்டைவிட அதன் சீட் ஐம்பது வயது மூத்தது.

ரிஷிவந்தியம், தியாகதுருகம் பக்கம் பழைய பாணி என்ஃபீல்டு வண்டி வாங்கியவர்கள் பலர் சில மாதங்களிலேயே சீட்டை மாற்றக் கள்ளக்குறிச்சிக்குப் போகிறார்கள். "முதுகு போயிடுச்சு" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். எந்த சீட் வாங்குவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குகிறேன். சீட் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால், எது நமக்கு உதவும் என்பது பாதி விளங்கிவிடும்.

அந்தக் காலத்துப் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரம் நேராக சேசிஸில் முடுக்கப்பட்டிருந்தது. பின்பக்கம் ஷாக் அப்சார்பர் என்ற பேச்சே இல்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சேசிஸும் இறங்கும். மேலே இருப்பவரின் முதுகெலும்பும் இறங்கும். இடையில் இருந்தவை டயரின் காற்றும் சீட்டும் மட்டுமே. இரும்புச் சட்டத்தில் கனத்த தோலை இழுத்துக் கட்டி, அடியில் சுருள் ஸ்பிரிங் வைப்பார்கள். டவுன்சென்ட் பட்டறை சைக்கிள் வேலையில் இறங்கிய அதே 1882-இல்தான் பர்மிங்ஹாமின் ஜான் ப்ரூக்ஸ் தம்முடைய தோல் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். ஓட்ட ஓட்ட அந்தத் தோல் ஆளின் உடம்புக்கேற்பப் படியும். ரெடிச்சிலேயே ஸ்பிரிங் செய்வதில் கைதேர்ந்த ஹெர்பர்ட் டெர்ரி கம்பெனியும் மோட்டார் சைக்கிள் சீட்டுகள் செய்தது. அன்றைக்கு சீட் என்பது வண்டியின் அலங்காரம் கிடையாது. பின்பக்கத்தில் சஸ்பென்ஷன் என்று இருந்ததே அதுதான்.

பின்னால் ஒருவர் உட்கார வேண்டுமானால்? மட்கார்டின் மேலோ சாமான் வைக்கும் கேரியர் மேலோ ஒரு சின்னத் திண்டை முடுக்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பல நேரம் ஸ்பிரிங் இருக்காது. ஓட்டுகிறவரின் முதுகைக் காக்க இத்தனை யோசித்த தொழில், பின்னால் இருப்பவரை மூட்டையாகவே நினைத்தது. இந்தக் குறை இன்னும் தீரவில்லை என்பதே என் ஆதங்கம்.

இரண்டு மாற்றங்கள் சீட்டைத் திருப்பிப் போட்டன. முதலாவது ஃபோம். 1929-இல் பர்மிங்ஹாமின் டன்லப் கம்பெனியில் ரப்பர் பாலை முட்டை அடிப்பதுபோல் நுரைக்க அடித்து, அந்த நுரை அடங்குவதற்குள் உறைய வைத்தார்கள். கிடைத்தது காற்றறைகள் நிறைந்த மெத்தை. இரண்டாவது, புல்லட்டின் பின்சக்கரம் அசையக் கற்றுக்கொண்டது. 1949-இல் வந்த புதிய புல்லட்டில் சக்கரம் ஒரு ஊசலாடும் கையில் மாட்டப்பட்டு, இருபுறமும் ஷாக் அப்சார்பர் தாங்கியது. ஆரம்பத்தில் பழக்கதோஷத்தில் பழைய ஸ்பிரிங் சீட்டே அதிலும் இருந்தது. ஆனால் கீழே ஒரு ஸ்பிரிங் ஆட, மேலே இன்னொன்று வேறு தாளத்தில் ஆட வேண்டிய அவசியம் என்ன? அடுத்த சில ஆண்டுகளில் ஒரே தகட்டின் மேல் ஃபோம் போர்த்திய நீள சீட் வந்து, முன்னால் இருப்பவரையும் பின்னால் இருப்பவரையும் முதன்முதலாக ஒரே மெத்தையில் உட்கார வைத்தது.

இந்திய ராணுவம் 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்ததும், 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானதும், திருவொற்றியூரில் வண்டி செய்ததும் பலருக்குத் தெரிந்த கதை. அந்த நீள சீட்டை நம் ஊர் தன் வழிக்குக் கொண்டுவந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வேட்டிக்காரர் ஓட்ட, சேலை கட்டியவர் ஒருபக்கமாகக் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். மரவள்ளி மூட்டை குறுக்கே கிடந்தது. பால் கேன் இருபுறமும் தொங்கியது. தட்டையான, அகலமான, மேடுபள்ளம் இல்லாத சீட் இருந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது. பின்னால் உட்காருபவருக்கென்று சட்டமும் பேசியது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, பின்னால் ஒருவரை ஏற்றினால் அவர் வண்டியில் உறுதியாகப் பொருத்திய முறையான சீட்டில் இருக்க வேண்டும் என்கிறது. 1989 விதிகளில் 123-ஆவது விதி கைப்பிடியையும் கால் வைக்கும் இடத்தையும், துணி சிக்காமல் பின்சக்கரத்தை மறைக்கும் தடுப்பையும் கட்டாயமாக்கியது. சேலைக்கார்டு என்று நாம் சொல்வது அதைத்தான். சீட் மாற்றும்போது அழகு கெடுகிறது என்று கைப்பிடியைக் கழற்றிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

2009-இல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் வந்தது. 1940-களின் வண்டியைப் பார்த்து வடித்த உருவம். கூடவே அந்த ஒற்றை ஸ்பிரிங் சீட்டும் திரும்பி வந்தது. இப்போது பின்னால் ஷாக் அப்சார்பர் இருந்ததால் அந்த ஸ்பிரிங்குக்குப் பழைய பாரம் இல்லை. தோற்றத்துக்காக வந்தது. பார்த்தவர்கள் மயங்கினார்கள், நானும்தான். ஆனால் வாங்கிய வீட்டில் இரண்டு பேர் போக வேண்டுமே? மறுபடி பின்னால் ஒரு தனித் திண்டு முடுக்கப்பட்டது. ஓர் உடம்பில் பாதியை அம்மைக்குக் கொடுத்த அர்த்தநாரீஸ்வரர் கோயில் கொண்ட ஊர் ரிஷிவந்தியம். அந்த ஊர்ச் சாலையில், வண்டியின் பின்னால் ஒரு சாண் திண்டில் விளிம்பைப் பிடித்தபடி அம்மாக்கள் போவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் சங்கடப்படுகிறது.

சரி, மாற்றலாம் என்று முடிவெடுத்தால் என்ன பார்ப்பது? கள்ளக்குறிச்சியில் ஒரு குஷன் கடையில் பழைய சீட் ஒன்றைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்றேன். ரெக்சினைப் பிடித்திருந்த பின்களை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தார் கடைக்காரர். உறை கழன்றதும் உள்ளே இருந்த ஃபோமின் நடுவில் உள்ளங்கையளவு இரண்டு குழிகள். ஓரமெல்லாம் புதிது மாதிரி விறைப்பாக இருக்க, குழியில் விரலை வைத்ததும் மஞ்சள் பொடியாக உதிர்ந்தது.

"பாருங்கண்ணே, ஆளு உக்காந்த எடம் மட்டும் செத்துப்போச்சு. ஓரம் அப்படியே கெடக்குது" என்றார்.

"அப்போ இன்னும் மெத்துனு போட்டா?"

"மெத்துனு இருக்குறது கடையில உக்காரும்போதுதாண்ணே. வெள்ளிமலை ஏறி எறங்கினா தகடுதான் தட்டும்."

அவர் சொன்னது சத்தியம். நாம் உட்காரும்போது எடை பெரும்பாலும் இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகளில்தான் இறங்குகிறது. ஃபோம் அந்த இரண்டையும் தகட்டில் முட்டாமல் தாங்க வேண்டும். ரொம்ப மெதுவானது அங்கே நசுங்கிவிடும். பாரம் வால் எலும்புக்கும் தொடைக்கும் போய், அரை மணி நேரத்தில் கால் மரத்துவிடும். கடையில் "டென்சிட்டி" என்று ஓர் எண் சொல்வார்கள். 40 என்றால் அந்த ஃபோமில் ஒரு கன மீட்டர் 40 கிலோ எடை. கெட்டியா மெதுவா என்பது வேறு. இது எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்கான அளவு. நான் 40-க்குக் கீழே இறங்க மாட்டேன். அடியில் ஓரங்குலம் ரீபான்ட், அதாவது துண்டு ஃபோமை நொறுக்கிப் பசையிட்டு அழுத்தியது. அதன்மேல் அமுக்கினால் உடனே எழும்பும் நல்ல ஃபோம். வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஜெல் வேண்டாம் என்பேன், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உயரத்தை மறந்துவிடாதீர்கள். 2021-இல் வந்த கிளாசிக் 350-இன் சீட் உயரம் 805 மில்லிமீட்டர். அதன்மேல் ஓரங்குலம் கூட்டினால் 830-ஐத் தாண்டும். குள்ளமானவருக்குச் சிக்னலில் கால் எட்டாது. அவர்கள் கனத்தைக் கூட்டாமல், முன்மூக்கைக் குறுக்கி, பின்பாகத்தை அகலமாக்கச் சொல்ல வேண்டும். தொடை உரசாமல் கால் நேராகத் தரைக்கு வரும்.

சரிவும் முக்கியம். கச்சிராயப்பாளையத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பாருங்கள். சீட் முன்பக்கம் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் டேங்கை நோக்கி வழுக்குவோம். வழுக்காமலிருக்க இரண்டு கையாலும் உடம்பைத் தள்ளிப் பிடிப்போம். மலை இறங்கியதும் மணிக்கட்டு வலிக்கிறது என்பவர்கள் ஹேண்டில்பாரைக் குறை சொல்வார்கள். காரணம் பல நேரம் சீட்டாகத்தான் இருக்கும். பளபளக்கும் ரெக்சினுக்குப் பதிலாகச் சொரசொரப்பானதைக் கேளுங்கள். தையல் உட்காரும் எலும்பின் கீழே ஓட வேண்டாம். கட்டம் கட்டமாகத் தைத்தது கண்ணுக்கு அழகு, ஆனால் ஒவ்வொரு ஊசித் துளையும் மழைத் தண்ணீருக்கு வாசல். உறைக்கு அடியில் பாலிதீன் விரிக்காவிட்டால் ஃபோம் குடித்த தண்ணீர் மழை விட்ட மறுநாளும் பேன்ட்டை நனைக்கும்.

ரெடிமேடாக வாங்குவதானால், சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் நிறையக் கிடைக்கும். வண்டியின் வருடத்தைச் சொல்லி வாங்குங்கள். 2021-இல் சேசிஸே மாறிவிட்டதால், முந்தைய கிளாசிக்கின் சீட் புதியதில் அப்படியே உட்காராது. துளையிட்டு எப்படியாவது பொருத்தித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

உள்ளூர்க் கடையில் செய்வதில் ஒரு பெரிய வசதி உண்டு. ஃபோமை வெட்டி ஒட்டியதும், உறை தைப்பதற்கு முன்பே, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டித் தரச் சொல்லுங்கள். தியாகதுருகம் வரை ஓட்டிப்போய்த் திரும்புங்கள். எங்கே குத்துகிறது, எங்கே அமுங்குகிறது என்று சொன்னால் அங்கேயே சீவியோ ஒட்டியோ சரிசெய்துவிடுவார்கள். தைத்த பிறகு இதெல்லாம் நடக்காது. அன்றைக்குத் தனியாகப் போகாதீர்கள். வழக்கமாகப் பின்னால் உட்காருபவர் யாரோ, அவரையும் அழைத்துப் போங்கள். சேலையில் ஒருபக்கமாக உட்காருபவர் என்றால் சேலையிலேயே வரட்டும். பின்பாகத்தின் அகலத்தை அவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லட்டும். அதற்குப் பிறகு கடைக்காரர் ரெக்சினை வெட்டினால் போதும்.